மோட்டார் வண்டியில் ஒலிக்கருவி பொருத்துதல்: கடைத்தொடர்களும் தனிப்பட்டறைகளும்

மோட்டார் வண்டியில் பொருத்தப்பட்டுள்ள ஒலிக்கருவி நல்லதா என்பதைச் செவி ஒருவாறு அறியும். அக்கருவி எவ்வாறு பொருத்தப்பட்டுள்ளது என்பதைச் செவி அறியாது. கம்பிகள் கதவின் உட்புறத்திலும், தரைவிரிப்பின் அடியிலும், டாஷ்போர்டின் பின்புறத்திலும் மறைந்து கிடக்கின்றன. செம்மையான இணைப்பும் குறையுடைய இணைப்பும் முதல் நாளில் ஒரே வகையாகவே ஒலிக்கும். சில திங்கள் கழிந்தபின் ஒன்று குறைவின்றி இயங்கிக்கொண்டிருக்கும். மற்றொன்று கரகரக்கும், அல்லது பாட்டரியை வெறுமையாக்கும், அல்லது கம்பியைச் சூடேற்றித் தீ விபத்துக்கு வழிவகுக்கும். ஆகவே, இவ்வேலையின் தரத்தை அளந்தறியும் முறையை அறிந்துகொள்வது பயனுடையது.

ஒலிக்கருவியைப் பல கிளைகளையுடைய பெரிய கடையில் பொருத்திக்கொள்வதா, இவ்வேலையையே தொழிலாகக் கொண்ட தனிப்பட்டறையில் பொருத்திக்கொள்வதா என்னும் வினா அமெரிக்க ஐக்கிய நாட்டில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வந்துள்ளது. இக்கட்டுரை அந்நாட்டு அனுபவத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அதன் அடிப்படையிலுள்ள மின்னியல் விதிகளை விளக்குகிறது. பௌதிக ஆசிரியர்கள் ஓம் விதியைக் கற்பிக்கும்போது இதனைப் பயன்படுத்தலாம். ஒலிபரப்பு வண்டிகளைப் பேணும் களப்பணியாளர்களுக்கும் இது உதவும்.

வரலாறு

1930-ஆம் ஆண்டில் சிகாகோ நகரைச் சேர்ந்த கால்வின் உற்பத்தி நிறுவனம் 'மோட்டரோலா' என்னும் பெயருடன் மோட்டார் வண்டிக்கான வானொலிப் பெட்டியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதனைப் பொருத்துவது எளிய வேலையன்று. வெற்றிடக் குழாய்களுக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தைத் தரத் தனிப் பாட்டரிகளை வண்டியின் தரையடியில் அமைக்கவேண்டியிருந்தது. எஞ்சினின் தீப்பொறி அமைப்பினால் எழும் இரைச்சலை அடக்குவது மற்றொரு பெருந்தொல்லையாக இருந்தது. வானொலிப் பெட்டியைச் செய்பவரின் திறமைக்கு நிகரான திறமை அதனைப் பொருத்துபவருக்கும் வேண்டும் என்பது அன்றே புலனாயிற்று.

1934-ஆம் ஆண்டளவில் இந்நிறுவனம் குட்ரிச் டயர் நிறுவனத்தோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டது. டயர் விற்கும் கிளைகளிலேயே வானொலியை விற்கவும் பொருத்தவும் இதனால் வழி ஏற்பட்டது. ஆகவே, கடைத்தொடர்கள் மூலம் ஒலிக்கருவி பொருத்தும் வழக்கம், வண்டி வானொலியைப் போன்றே பழமையானது எனலாம். பிற்காலத்தில் டிரான்சிஸ்டரும், ஒலிநாடாவும், குறுந்தட்டும் வந்தன. தனியான பெருக்கிகளும் பெரிய ஸ்பீக்கர்களும் பெருகின. சர்க்கிட் சிட்டி, பெஸ்ட் பை போன்ற கடைத்தொடர்கள் தம் கிளைகளில் வண்டியை நிறுத்திப் பொருத்தும் கூடங்களை நடத்தின. இவற்றுள் சர்க்கிட் சிட்டியின் கடைகள் 2009-இல் மூடப்பட்டன. இவற்றுக்கு அருகிலேயே, வண்டிக்கும் உரிமையாளரின் விருப்பத்துக்கும் ஏற்பப் பெட்டி செய்து பொருத்தும் தனிப்பட்டறைகளும் வளர்ந்தன.

இருவகை நிலையங்களின் இயல்பு

கடைத்தொடரின் பலம் ஒழுங்குமுறையில் உள்ளது. கட்டணம் முன்னரே அறிவிக்கப்படும். ஒவ்வொரு வண்டிக்கும் ஏற்ற இணைப்புக் கம்பித் தொகுப்பும் சட்டமும் ஆயத்தமாக இருக்கும். வேலையில் பின்னர்க் குறை தோன்றினால் வேறோர் ஊரிலுள்ள கிளையிலும் முறையிடலாம். அதன் குறையும் இவ்வொழுங்கினின்றே பிறக்கிறது. கட்டணம் வரையறுக்கப்பட்டிருப்பதால் வேலைக்குரிய நேரமும் வரையறைக்குட்படுகிறது. எதிர்பாராத தடை நேரும்போது தொழிலாளி அதனை ஆராய்ந்து தீர்ப்பதற்கு மாறாகச் சுருக்கவழி தேட நேரிடுகிறது. மேலும், ஒரே கூடத்தில் பல்லாண்டுப் பயிற்சி பெற்றவரும் சென்ற வாரம் சேர்ந்தவரும் வேலை செய்யலாம். வண்டி யார் கைக்குச் செல்லும் என்பதை உரிமையாளர் அறியார்.

தனிப்பட்டறையின் பலம் ஒரு மனிதரின் பொறுப்பில் உள்ளது. வேலை செய்பவரே வாடிக்கையாளரோடு பேசுகிறார். அவரது பெயரே பட்டறையின் முதல். வேண்டிய நேரத்தை அவர் எடுத்துக்கொள்ள இயலும். வண்டியின் வடிவத்துக்கேற்பப் பெட்டியும் சட்டமும் செய்யவும் அவரால் முடியும். ஆனால் அவரைக் கண்காணிக்கும் எழுதப்பட்ட விதி எதுவும் பெரும்பாலும் இராது. கண்ணுக்குத் தெரியும் மரவேலையும் வண்ண விளக்கும் வாடிக்கையாளரை மகிழ்விக்கின்றன. தரைவிரிப்பின் கீழுள்ள கம்பியை எவரும் காண்பதில்லை. மிகச் சிறந்த வேலையும், மிக அபாயகரமான வேலையும் தனிப்பட்டறைகளிலேயே காணப்படுவதற்கு இதுவே காரணம்.

இவ்விரண்டுக்கும் இடையே மதில் ஒன்றும் இல்லை. கடைத்தொடரில் தொழில் பழகிப் பின்னர்த் தனிப்பட்டறை தொடங்கியோர் உளர். தொழிலாளியின் தகுதியைத் தேர்வின் மூலம் சோதித்துச் சான்றளிக்கும் எம்.இ.சி.பி. என்னும் முறை அமெரிக்காவில் உண்டு. இருவகை நிலையங்களில் பணிபுரிவோரும் அச்சான்றைப் பெறலாம். எனவே, கடையின் பெயர்ப்பலகை வேலையின் தரத்துக்குச் சான்றாகாது. தரம் கம்பியிலும் இணைப்பிலும் உருகியிலும் எர்த்திலும் உள்ளது. இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

கம்பியின் பருமன்

வீட்டு மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமுடையது. வண்டியின் அழுத்தமோ 12 வோல்ட். எஞ்சின் ஓடும்போது இது ஏறத்தாழ 13.5 முதல் 14.4 வோல்ட் வரை இருக்கும். அழுத்தம் குறைவாக இருப்பதால் ஒரே அளவான திறனைப் பெறப் பன்மடங்கு மின்னோட்டம் வேண்டும். இதுவே இவ்வேலையில் எழும் இடர்ப்பாடுகள் பலவற்றுக்கும் வேர்.

ஆம்ப்ளிபையர் என வழங்கும் பெருக்கி ஒன்று 300 வாட் ஒலித்திறனைத் தருவதாகவும், அதன் பயனுறுதிறன் 75 விழுக்காடு என்றும் கொள்வோம். அது பாட்டரியிலிருந்து 400 வாட் பெறவேண்டும். 13.5 வோல்ட் அழுத்தத்தில் இது ஏறத்தாழ 30 ஆம்பியர் ஆகும். இசை ஏறியும் இறங்கியும் வருவதால் சராசரி மின்னோட்டம் இதனினும் குறைவு. ஆயினும் கம்பியை உச்ச அளவுக்கே தேர்ந்தெடுத்தல் முறை.

பாட்டரி முன்புறத்திலும் பெருக்கி டிக்கியிலும் இருந்தால், இடையே 5 மீட்டர் கம்பி வேண்டும். செம்பின் தன்தடையைக் கொண்டு கணக்கிட்டால் பின்வரும் அளவுகள் கிடைக்கின்றன.

2.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள கம்பி: மின்தடை 0.034 ஓம், 30 ஆம்பியரில் இழக்கும் அழுத்தம் ஏறத்தாழ 1 வோல்ட், கம்பியில் வெப்பமாக மாறும் திறன் 31 வாட்.

16 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள கம்பி: மின்தடை 0.0054 ஓம், இழக்கும் அழுத்தம் 0.16 வோல்ட், வெப்பமாகும் திறன் 5 வாட்.

மெல்லிய கம்பியில் ஒரு வோல்ட் குறைவதால் என்ன கேடு என்று மாணவர் வினவலாம். திறன் அழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. உள்ளழுத்தத்தைச் சீர்ப்படுத்திக்கொள்ளும் அமைப்பில்லாத பெருக்கியில், 13.5 வோல்ட் 12.5 வோல்ட்டாகக் குறையும்போது உச்சத்திறனில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு போய்விடும். விலை கொடுத்து வாங்கிய திறனில் ஒரு பகுதி தரைவிரிப்பைச் சூடேற்றவே செலவாகிறது.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. செம்புக் கம்பி போலத் தோன்றும் கம்பிகளிற் சில, அலுமினியத்தின்மீது மெல்லிய செம்புப் பூச்சுடையவை. அவற்றின் தடை அதே பருமனுள்ள செம்புக் கம்பியின் தடையைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அவற்றைப் பயன்படுத்துவதே தவறு என்று கூறுவதற்கில்லை. ஆனால் அதற்கேற்பப் பருத்த கம்பியைத் தேர்ந்தெடுக்கவேண்டும். இழை ஒன்றைக் கத்தியாற் சுரண்டிப் பார்த்தால் வெண்மை தோன்றுகிறதா என்பது புலப்படும். வெண்மை மேற்பூச்சில் மட்டுமன்றி உள்ளேயும் இருந்தால் அது அலுமினியம். சுரண்டியபின் செந்நிறம் தோன்றினால் அது ஈயம் பூசிய செம்பு.

இணைப்பு

இவ்வேலையின் உயிர்நிலை இணைப்பேயாகும். கம்பியின் நீளம் முழுதும் பரவி எழும் வெப்பத்தைக் காற்றும் தகடும் ஏற்றுக்கொள்கின்றன. குறையுடைய இணைப்பிலோ வெப்பமனைத்தும் ஒரே புள்ளியில் திரள்கிறது. இணைப்பொன்றின் தடை 0.1 ஓம் என்று கொள்வோம். 10 ஆம்பியர் ஓடும்போது அங்கு 10 வாட் வெப்பம் உண்டாகும். 20 ஆம்பியரில் 40 வாட். மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகிறது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஈயப்பற்று வைக்கப் பயன்படும் கோல் 25 வாட் அளவினதே என்பதை நினைவிற் கொண்டால், இந்த வெப்பம் நெகிழி உறையை என்செய்யும் என்பது விளங்கும்.

கம்பிகளை முறுக்கி ஒட்டுநாடா சுற்றிவிடுதல் எங்கும் காணப்படும் சுருக்கவழி. வெயிலில் நிற்கும் வண்டியின் உட்புற வெப்பத்தில் நாடாவின் பசை இளகி நாடா கழன்றுவிடும். வண்டியின் அதிர்வில் முறுக்கு தளரும். தளர்ந்த இடத்தில் காற்றும் ஈரமும் புகுந்து செம்பின்மீது ஆக்சைடு படியும். தடை கூடும், வெப்பம் கூடும், வெப்பத்தால் ஆக்சைடு மேலும் விரைவாகப் படியும். இவ்வாறு குறை தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது. முதல் நாட் சோதனையில் இது தெரியாமைக்குக் காரணம் இதுவே.

கம்பியின் இழைகளை உலோகக் குழலினுள் செலுத்தி, அதற்குரிய இடுக்கியால் அழுத்தி நெரிப்பதே கிரிம்ப் இணைப்பு. சரியான அழுத்தத்தில் இழைகளுக்கும் குழலுக்கும் இடையே காற்று புகும் இடைவெளி இராது. இடுக்கியும் குழலும் கம்பியின் பருமனும் ஒன்றுக்கொன்று பொருந்தவேண்டும். வெட்டுக்குறட்டால் நசுக்கியது கிரிம்ப் ஆகாது. ஈயப்பற்று வைத்த இணைப்பும் நல்லதே. எனினும் உருகிய பற்று இழைகளினூடே ஏறி, கம்பியின் ஒரு பகுதியை விறைப்பாக்கிவிடும். விறைத்த பகுதி முடியும் இடத்தில் அதிர்வினால் இழைகள் முறியக்கூடும். ஆதலால் அவ்விடத்தைச் சுருங்கு குழலால் மூடி, கம்பியை அசையாதபடி கட்டவேண்டும்.

வண்டியுடன் வந்த கம்பித் தொகுப்பை வெட்டாதிருத்தல் நன்று. 1990-களில் ஐ.எஸ்.ஓ. 10487 என்னும் பன்னாட்டுத் தர அளவு வண்டி வானொலிக்குரிய இணைப்பான்களை வகுத்தது. இவ்வளவைப் பின்பற்றாத வண்டிகளுக்கும் ஏற்ற இடைத்தொகுப்புகள் கிடைக்கின்றன. இவற்றைச் செருகினால் ஒரு கம்பியையும் வெட்டாமல் கருவியை மாற்றலாம். வேண்டாதபோது பழைய நிலைக்கும் கொணரலாம். கடைத்தொடர்கள் ஆயத்தத் தொகுப்புகளைப் பயன்படுத்துவது இவ்வகையில் பாராட்டத்தக்கது.

உருகியும் தகட்டுத் துளையும்

பியூஸ் என வழங்கும் உருகி பெருக்கியைக் காப்பதற்கே உரியது என்று பலர் எண்ணுகின்றனர். பாட்டரிக்கு அருகில் அமைக்கும் உருகி காப்பது கம்பியையே. நன்கு மின்னேற்றம் பெற்ற பாட்டரியின் அகத்தடை மிகச் சிறிது. அதன் நேர்முனைக் கம்பி எவ்விடத்திலேனும் வண்டியின் உடற்தகட்டைத் தொட்டால் பல நூறு ஆம்பியர் பாயும். உருகி பெருக்கியின் அருகே மட்டும் இருந்தால், பாட்டரி முதல் உருகி வரையுள்ள 5 மீட்டர் கம்பிக்கும் காப்பில்லை. பாட்டரி முனையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் உருகி அமையவேண்டும் என்பது இத்தொழிலில் நிலைபெற்ற வழக்கு. அதன் அளவு கம்பி தாங்கும் மின்னோட்டத்தை மிஞ்சலாகாது. உருகி அடிக்கடி எரிகிறதென்று பெரிய அளவுடையதை வைப்பது, காவற்காரனைத் துயிலச் செய்வதை ஒக்கும்.

நேர்முனைக் கம்பி எஞ்சின் அறையிலிருந்து உள்ளே வருவதற்கு இடையிலுள்ள தகட்டைத் துளைத்துச் செல்லவேண்டும். துளையின் விளிம்பு கத்தி போன்றது. அங்கே ரப்பர் வளையம் இல்லையெனில், அதிர்வினால் கம்பியின் உறை நாளடைவில் அறுபடும். அருகில் உருகி இல்லாமையும் துளையில் வளையம் இல்லாமையும் ஒருங்கே நேர்ந்த வண்டி, தீப்பற்றுவதற்குரிய ஏற்பாடுகளோடு ஓடுகிறது என்றே கொள்ளவேண்டும். வளையத்தின் விலையோ மிகச் சிறிது; அதனை விட்டுவிடுவதால் மிச்சமாவது சில நிமிட நேரமே.

எர்த் இணைப்பும் ஆல்டர்னேட்டர் இரைச்சலும்

வண்டியில் மின்னோட்டம் உடற்தகட்டின் வழியாகவே பாட்டரிக்குத் திரும்புகிறது. இதனை எர்த் என்கிறோம். வண்ணப்பூச்சு மின்கடத்தாப் பொருளாதலால், இணைக்கும் இடத்தில் பூச்சைச் சுரண்டி உலோகம் தெரியச் செய்து, வளைய வடிவான லக்கை மறையாணியால் இறுக்கி, துருவேறாதபடி மேற்பூச்சு இடவேண்டும். எர்த் கம்பி குறுகியதாகவும் நேர்முனைக் கம்பிக்கு நிகரான பருமனுடையதாகவும் இருத்தல் வேண்டும். ஆசனப் பட்டியின் மறையாணியை இதற்குப் பயன்படுத்துதல் ஆகாது. அது உயிர் காக்கும் உறுப்பு.

எர்த் செம்மையாக இல்லாவிடில், எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு கீச்சொலி ஸ்பீக்கரில் கேட்கும். இது எவ்வாறு பிறக்கிறது? ஆல்டர்னேட்டர் முக்கட்ட மாறுமின்னோட்டத்தை உண்டாக்குகிறது. டையோடுகள் அதனை நேர்மின்னோட்டமாக்கும்போது ஒவ்வொரு சுழற்சிக்கும் ஆறு சிற்றலைகள் எஞ்சுகின்றன. எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 முறை சுழல்வதாகவும், ஆல்டர்னேட்டர் அதனினும் இரண்டரை மடங்கு விரைவாகச் சுழல்வதாகவும், அதில் ஆறு முனைச்சோடிகள் இருப்பதாகவும் கொள்வோம். நொடிக்கு ஏறத்தாழ 41.7 சுழற்சி, அதனை 6-ஆல் பெருக்க 250, மீண்டும் 6-ஆல் பெருக்க 1,500. அதாவது நொடிக்கு 1,500 அதிர்வுள்ள ஒலி. செவி நன்கு உணரும் எல்லைக்குள் இருப்பது. எஞ்சின் வேகம் இருமடங்கானால் சுருதியும் இருமடங்காகும்.

முன்னுள்ள வானொலியும் பின்னுள்ள பெருக்கியும் வெவ்வேறிடத்தில் எர்த் செய்யப்பட்டு, அவ்விரு இடங்களுக்கிடையே 20 மில்லிவோல்ட் சிற்றலை வேறுபாடு இருப்பதாகக் கொள்வோம். குறிப்பலைக் கம்பியின் அழுத்தம் 2 வோல்ட் ஆனால், இரைச்சல் அதில் நூறில் ஒரு பங்கு. இசை உரக்க ஒலிக்கும்போது இது மறைந்துவிடும். அமைதியான பகுதியில் தெளிவாகக் கேட்கும். இதற்கு உரிய மருந்து எர்த்தைச் செம்மைப்படுத்துவது. இரைச்சலை மறைக்க இடையே வடிகட்டிப் பெட்டி ஒன்றைச் செருகிவிடுவது நோயை விட்டு வலியை மட்டும் தணிப்பதாகும். குறிப்பலைக் கம்பியையும் மின்வழங்கு கம்பியையும் வண்டியின் இருவேறு பக்கங்களில் கொண்டுசெல்லுதலும் நல்ல பழக்கம்.

ஒலியின் தரம்

ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே காற்று இழுபடுகிறது. முன்னலையும் பின்னலையும் தடையின்றிச் சந்தித்தால், தாழ்சுருதி ஒலிகளில் ஒன்றையொன்று பெரிதும் அழித்துவிடும். கதவின் உட்தகட்டிலுள்ள திறப்புகளை மூடி, ஸ்பீக்கரைச் சுற்றியுள்ள இடுக்குகளை அடைத்தால், கருவி எதனையும் மாற்றாமலே ஒலி செறிவடையும். நேரம் தேவைப்படும் இவ்வேலையில் தனிப்பட்டறை பெரும்பாலும் மேம்பட்டு நிற்கிறது.

இடது ஸ்பீக்கரின் முனைகள் தவறுதலாக மாற்றி இணைக்கப்பட்டால், ஒன்று முன்னே வரும்போது மற்றொன்று பின்னே செல்லும். இரண்டும் இயங்குகின்றன, ஒலியும் வருகிறது, ஆனால் தாழ்சுருதி மெலிந்துவிடும். 'ஒலி வருகிறதா' என்று மட்டும் பார்ப்பவர் இக்குறையைக் காணார்.

பெருக்கியின் உணர்திறன் திருகி ஒலியைக் கூட்டும் திருகியன்று. வானொலியின் அழுத்தத்துக்குப் பெருக்கியைப் பொருத்தும் திருகி. அதனை அளவின்றித் திருப்பினால் அலையின் முடிகள் வெட்டுண்டு தட்டையாகும். முற்றிலும் வெட்டுண்ட சதுர அலையின் திறன், அதே உச்சமுள்ள சைன் அலையின் திறனைப் போல இருமடங்கு; ஸ்பீக்கரின் சுருள் எரிவதற்கு இது போதும். அளந்து அமைக்கும் முறை எளிது. 4 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் வேண்டுமெனில், திறனையும் தடையையும் பெருக்கி வர்க்கமூலம் காண்க: 200-இன் வர்க்கமூலம் 14.1. ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, ஒரே சுருதியுள்ள சோதனை ஒலியை இட்டு, வெளியீட்டில் மாறுமின்னழுத்தம் 14.1 வோல்ட் காட்டும்வரை திருகியைத் திருப்புக. மல்டிமீட்டர் ஒன்றே இதற்குப் போதும்.

இக்கால வண்டிகளில் சிறப்பு எச்சரிக்கை

இக்கால வண்டிகளில் காற்றுப்பைகளும், பல கணிப்பொறி அலகுகளைப் பிணைக்கும் செய்திக்கம்பிகளும் உள்ளன. காற்றுப்பைக்குரிய கம்பிகளும் இணைப்பான்களும் வழக்கமாக மஞ்சள் நிறமுடையவை. இவற்றில் சோதனை விளக்கை வைத்துப் பார்ப்பது பெருந்தவறு. விளக்கு இழுக்கும் மின்னோட்டம் காற்றுப்பையை விரியச் செய்யவோ, அலகைப் பழுதாக்கவோ கூடும். அகத்தடை மிகுந்த மல்டிமீட்டரும், அவ்வண்டிக்குரிய கம்பிப் படமும் இன்றி இவ்வேலையைத் தொடங்கலாகாது.

வண்டி நிற்கும்போதும் கருவி மின்னோட்டம் இழுக்கிறதா என்பதும் காணவேண்டும். பொதுவாக வண்டி முழுவதற்கும் 50 மில்லியாம்பியருக்கு மேற்படாதிருத்தல் நன்று. பெருக்கியை இயக்கும் மெல்லிய கம்பியை எப்போதும் மின்சாரமுள்ள இடத்தில் இணைத்துவிட்டால் அது அணையாது. 0.5 ஆம்பியர் இழுத்தாலும், 45 ஆம்பியர்-மணி பாட்டரி 90 மணி நேரத்தில், அதாவது நான்கு நாட்களுக்குள் வெறுமையாகும்.

எதனைத் தேர்ந்தெடுப்பது?

வண்டியுடன் வந்த வானொலிக்கு மாறாக மற்றொன்று வைப்பதும், அதே அளவுள்ள ஸ்பீக்கர் மாற்றுவதும் வரையறுத்த வேலைகள். ஆயத்தத் தொகுப்புகளும் எழுதப்பட்ட செய்முறையும் உள்ள கடைத்தொடர் இவற்றைச் செம்மையாகச் செய்ய இயலும். கட்டணமும் அளவாக இருக்கும். பெருக்கியும் பெரிய ஸ்பீக்கர்ப் பெட்டியும் அமைப்பது, கதவுகளை அடைப்பது, வண்டியின் கணிப்பொறி அமைப்போடு இயைந்த ஒலிக்கருவியை விரிவாக்குவது ஆகியவை ஒவ்வொரு வண்டிக்கும் வேறுபடுவன. இவற்றுக்கு நேரமும் அனுபவமும் உள்ள தனிப்பட்டறை ஏற்றது.

நம் நாட்டில் வண்டி விற்பனை நிலையங்களும், தில்லியின் கரோல் பாக், பெங்களூரின் ஜே.சி. சாலை, சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை போன்ற இடங்களிலுள்ள கடைகளும் வண்டித் துணைப்பொருள்களுக்குப் பேர்பெற்றவை. கடையின் வகை வேறாயினும் கேட்கவேண்டிய கேள்விகள் ஒன்றே. என் வண்டியில் வேலை செய்பவர் யார்? எவ்வளவு நேரம் ஆகும்? எந்தப் பருமனுள்ள கம்பி, எந்த அளவுள்ள உருகி? உறைகளை மூடுமுன் இணைப்புகளைக் காட்டுவீர்களா? இக்கேள்விகளுக்கு முகஞ்சுளியாமல் விடை கூறுபவரிடம் வண்டியை ஒப்படைக்கலாம். பின்னர் ஒப்பிட்டு நோக்க உதவும்பொருட்டு, மூடுமுன் ஒளிப்படம் எடுத்துவைத்துக்கொள்வதும் நன்று.

வகுப்பறைச் சோதனைகள்

1. கம்பியில் அழுத்த இழப்பு: 12 வோல்ட் பாட்டரி, 55 வாட் முகப்பு விளக்கு, 5 மீட்டர் நீளமுள்ள 0.5 மற்றும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிகள் ஆகியவற்றைக் கொள்க. பாட்டரியின் நேர்முனைக்கு அருகில் 10 ஆம்பியர் உருகி வைக்க மறவாதீர். விளக்கு எரியும்போது ஒவ்வொரு கம்பியின் இரு முனைகளுக்கிடையேயுள்ள அழுத்தத்தை அளக்கவும். மெல்லிய கம்பியில் இழப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு இருக்கக் காணலாம்.

2. இணைப்பில் அழுத்த இழப்பு: அதே சுற்றில் கம்பியை ஓரிடத்தில் வெட்டி, முதலில் தளர்வாக முறுக்கியும், பின்னர் உரிய இடுக்கியால் கிரிம்ப் செய்தும் இணைக்கவும். இணைப்பின் இருபுறமும் மில்லிவோல்ட் அளக்கவும். தளர்ந்த முறுக்கை அசைக்கும்போது முள்ளோ எண்ணோ துள்ளுவதை மாணவர் காணட்டும்.

3. ஸ்பீக்கரின் முனை காணல்: 1.5 வோல்ட் மின்கலத்தை ஸ்பீக்கரின் முனைகளில் ஒரு கணம் தொடுக. கூம்பு முன்னே வந்தால் மின்கலத்தின் நேர்முனை தொட்ட முனையே ஸ்பீக்கரின் நேர்முனை.

களப்பணியாளர் சரிபார்க்கவேண்டியவை

(அ) பாட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் உருகி உள்ளதா? அதன் அளவு கம்பிக்குப் பொருந்துகிறதா?
(ஆ) தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் உள்ளதா?
(இ) முறுக்கி நாடா சுற்றிய இணைப்பு எங்கேனும் உள்ளதா?
(ஈ) எர்த் இணைப்பில் வண்ணப்பூச்சு நீக்கப்பட்டுள்ளதா? மறையாணி இறுக்கமாக உள்ளதா?
(உ) கருவி உரக்க ஒலிக்கும்போது, பெருக்கியின் முனையில் உள்ள அழுத்தம் பாட்டரி முனையில் உள்ளதைவிட 0.5 வோல்ட்டுக்கு மேல் குறைகிறதா? குறைந்தால் காரணம் தேடவும்.
(ஊ) எஞ்சின் வேகத்தோடு ஏறும் கீச்சொலி கேட்கிறதா?
(எ) வண்டியை அணைத்தபின் இழுக்கும் மின்னோட்டம் எவ்வளவு?
(ஏ) அரைமணி நேரம் இயங்கியபின் உருகித்தாங்கியோ இணைப்போ கை பொறாத சூடாக உள்ளதா?

இவற்றுள் ஒன்றுக்கேனும் குறை காணப்படின், முதலில் பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றுக. அதன் பின்னரே கம்பிகளைத் தொடுதல் வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. 240 வாட் திறனை 12 வோல்ட்டிலும் 240 வோல்ட்டிலும் பெற எத்தனை ஆம்பியர் வேண்டும்? இரண்டிலும் ஒரே கம்பியைப் பயன்படுத்தினால், அதில் எழும் வெப்பங்களின் விகிதம் என்ன?
2. 0.05 ஓம் தடையுள்ள இணைப்பில் 30 ஆம்பியர் ஓடினால் எத்தனை வாட் வெப்பம் உண்டாகும்?
3. இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பில் சேர்த்தால் மொத்தத் தடை என்ன? பெருக்கி தரவேண்டிய மின்னோட்டம் எவ்வாறு மாறும்?
4. உருகியைப் பெருக்கியின் அருகே மட்டும் வைப்பது ஏன் போதாது? படம் வரைந்து விளக்குக.
5. உமது பகுதியில் ஒலிபரப்பு வண்டி ஒன்றைப் பார்வையிட்டு, மேற்கூறிய எட்டுக் கூறுகளையும் சோதித்து அட்டவணை ஒன்று ஆயத்தம் செய்க.